பழைய கார் பிரேக் பிரச்சனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 இந்த மாதிரி வண்டி வச்சிருக்கவங்க பிரேக் பத்தி கேக்குற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன். அம்பாசிடரும் மாருதி 800ம் 2014லயே உற்பத்தி நின்னுடுச்சு, பத்மினி அதுக்கும் ரொம்ப முன்னாடி. அதனால இன்னைக்கு ரோட்டுல ஓடுற கடைசி வண்டிக்கே பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, உள்ள இருக்குற ரப்பர் கப்பு (ஆயில் கசியாம அடைக்கிற சீல்), ஹோஸ் (வளையுற ரப்பர் குழாய்), பைப் எல்லாத்துக்கும் அதே வயசுதான். எஞ்சின் மக்கர் பண்ணா வண்டி நின்னுடும், பிரேக் மக்கர் பண்ணா வண்டி நிக்காது. அதனால பெயிண்டுக்கும் சீட் கவருக்கும் செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

பெடலை மிதிச்சா பஞ்சு மாதிரி அமுங்குது, பிரேக்கும் சரியா பிடிக்கல. என்ன பண்ணணும்?

பிரேக் ஆயில் போற லைன்ல ஏர், அதாவது காத்து இருக்கு. பிரேக் ஆயில் அமுங்காது, அதனாலதான் கால்ல குடுக்குற அழுத்தம் அப்படியே வீலுக்குப் போகுது. நடுவுல காத்து இருந்தா அது அமுங்கும், நீங்க மிதிக்கிறதுல பாதி அந்தக் காத்தை அமுக்கவே செலவாயிடும். ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணா பெடல் மேல வந்து கெட்டியாகுது, கொஞ்ச நேரம் விட்டா திரும்ப அமுங்குதுன்னா சந்தேகமே வேணாம், ஏர்தான்.

ஆனா ஏர் எடுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. மூடியிருக்குற சிஸ்டத்துக்குள்ள காத்து தானா வராது. ஒண்ணு யாராவது எதையாவது கழட்டி மாட்டியிருக்கணும், இல்ல பிரேக் ஆயில் ஊத்தி வைக்கிற டப்பாவுல ஆயில் காலியாகி காத்து இழுத்திருக்கணும், இல்ல எங்கயோ லீக் இருக்கணும். யாரும் கையே வைக்காத வண்டியில ஏர் வந்திருந்தா முதல்ல லீக்கைத் தேடுங்க.

வீட்டுலயே ஏர் எடுக்கலாமா? எந்த வீல்ல இருந்து ஆரம்பிக்கணும்?

தாராளமா எடுக்கலாம், பெடல் மிதிக்க இன்னொரு ஆள் வேணும் அவ்வளவுதான். பெடலை மிதிச்சா ஆயிலை அழுத்தி வீலுக்குத் தள்ளுறது மாஸ்டர் சிலிண்டர், அதுல இருந்து எந்த வீல் ரொம்ப தூரமோ அந்த வீல்ல ஆரம்பிங்க. நம்ம ஊர் வண்டியில டிரைவர் வலது பக்கம், மாஸ்டரும் பொதுவா அந்தப் பக்கம்தான், அதனால பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியா முன் வலதுன்னு வருவாங்க. சில வண்டியில ரெண்டு சர்க்யூட்டும் (ரெண்டு ரெண்டு வீலுக்குத் தனித்தனியா போற ஆயில் வழி) குறுக்கால பிரிஞ்சிருக்கும், அதுக்கு வரிசை வேற, அந்த வண்டியோட மேனுவல்ல போட்டிருக்கும்.

ப்ளீடர் நிப்பிள்ல (வீல் பக்கம் ஏர் வெளிய விட இருக்குற சின்ன திருகு) ஒரு ட்ரான்ஸ்பரண்ட் டியூப் மாட்டி, அதோட மறுமுனையை கொஞ்சம் பிரேக் ஆயில் ஊத்தின பாட்டில்ல முங்குற மாதிரி விடுங்க. உள்ள இருக்கறவர் மெதுவா மிதிச்சு அப்படியே பிடிக்கணும், நீங்க நிப்பிளை கால் சுத்து திறக்கணும், பெடல் கீழ போகும், அவர் காலை எடுக்குறதுக்கு முன்னாடி நிப்பிளை மூடிடணும். இந்த ஒரு விஷயத்துலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, மூடுறதுக்குள்ள காலை எடுத்துட்டா வெளிய போன காத்து திரும்ப உள்ள வந்துடும். "பிடி", "விடு"ன்னு சத்தமா சொல்லிக்கிட்டே செய்யுங்க. குமிழி வர்றது நின்னு, சுத்தமான ஆயில் வர்ற வரைக்கும் தொடரணும், நடு நடுவுல டப்பாவுல லெவல் பாத்து ஊத்திக்கிட்டே இருக்கணும். டியூப்ல வந்த ஆயிலை திரும்ப டப்பாவுல ஊத்தாதீங்க.

பழைய வண்டிக்குன்னே ஒரு எச்சரிக்கை இருக்கு. ஏர் எடுக்கும்போது பெடலை தரை வரைக்கும் மிதிக்காதீங்க. தினமும் ஓட்டும்போது மாஸ்டர் உள்ள இருக்குற கப்பு போரோட (சிலிண்டரோட உள் துளை) முதல் பாதியிலதான் போய் வருது, மீதி பாதியில வருஷக் கணக்கா துருவும் அழுக்கும் படிஞ்சிருக்கும், தரை வரைக்கும் மிதிச்சா அந்த கப்பு துரு மேல உரசி கிழிஞ்சிடும். வேலைக்கு முன்னாடி நல்லா இருந்த மாஸ்டர் வேலை முடிஞ்சதும் போயிடுச்சுன்னு மெக்கானிக்கைத் திட்டுவாங்க பாருங்க, நிறைய இடத்துல காரணம் இதுதான். பெடலுக்கு அடியில ஒரு கட்டையை வச்சுட்டு மிதிக்கச் சொல்லுங்க.

எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பெடல் கெட்டியாகவே மாட்டேங்குது.

முதல்ல நிப்பிள் எங்க இருக்குன்னு பாருங்க. காத்து மேலதான் ஏறும், அதனால நிப்பிள் காலிப்பரோட (டிஸ்க் பிரேக்ல பேடை அழுத்திப் பிடிக்கிற பாகம்) மேல் பக்கம் இருக்கணும். யாராவது இடது காலிப்பரை வலதுல மாத்தி மாட்டியிருந்தா நிப்பிள் கீழ வந்துடும், அப்புறம் ஒரு டின் ஆயில் காலி பண்ணாலும் மேல நிக்கிற காத்து வெளிய வராது. ரெண்டையும் ரீகண்டிஷன் பண்ணி மாட்டின வண்டியில இது நடக்குறதுதான்.

அதுவும் சரியா இருந்தா, பின்னாடி டிரம் (வீலோட சேர்ந்து சுத்துற கிண்ணம், உள்ள ஷூ விரிஞ்சு பிடிக்கும்) அட்ஜஸ்ட்மென்ட் லூஸா இருக்கலாம், ஹோஸ் பழசாகி மிதிக்கும்போது பலூன் ஆகலாம். ஒருத்தரை மிதிக்கச் சொல்லிட்டு ஹோஸைக் கையால பிடிச்சுப் பாருங்க, விரலுக்கு நடுவுல உப்புறது தெரிஞ்சா மாத்திடுங்க. இதெல்லாம் இல்லன்னா மாஸ்டர்ல இருந்து வெளிய போற ஓட்டைகளை சரியான திரெட் உள்ள ப்ளக் போட்டு அடைச்சுட்டு மிதிங்க. பெடல் மேலயே கெட்டியா நின்னா மாஸ்டர் நல்லா இருக்கு, கோளாறு அதுக்குக் கீழ. அப்பவும் அமுங்குனா மாஸ்டர்ல ஏர் இருக்கு, இல்ல கப்பு போச்சு. சும்மா ஊகத்துல மாஸ்டர் வாங்கி மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாத்துடுங்க, காசு மிச்சம்.

சிக்னல்ல பிரேக் மிதிச்சு நிக்கும்போது பெடல் மெதுவா கீழ இறங்கிக்கிட்டே போகுது. ஆயில் எங்கயும் லீக் இல்ல.

இது மாஸ்டர் சிலிண்டர் கப்பு. உள்ளயே ஆயில் கப்பைத் தாண்டி பின்பக்கம் வந்துடுது, அதனால டப்பாவுல லெவலும் குறையாது, தரையில சொட்டும் இருக்காது. வேகமா மிதிச்சா பிரேக் நல்லா பிடிக்கும், மெதுவா மிதிச்சாத்தான் இறங்கும். அந்த வேகமான மிதியை நம்பி ஒரு மாசம் ரெண்டு மாசம் ஓட்டுறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேணாம். பழைய அம்பாசிடர்ல எல்லாம் ஒரே சர்க்யூட்தான், நாலு வீலுக்கும் ஒரே கப்பு. அது போனா நாலும் போச்சு. பிற்பாடு வந்த வண்டிகள்ல இருக்குற டேண்டம் மாஸ்டர்ல ஒரு பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் ரெண்டு வீலாவது பிடிக்கும்.

முதல் மிதியில பெடல் கீழ போகுது, ரெண்டாவது மிதியில நல்லா மேல நிக்குது, அமுங்கவும் இல்ல.

ஷூ மேல இருக்குற லைனிங் தேஞ்சு ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாயிடுச்சு. அட்ஜஸ்ட் பண்ணணும். வீலைத் தூக்கி ஸ்டாண்ட் போட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுசா ரிலீஸ் பண்ணிட்டு, வீல் சுத்தாம நிக்கிற வரைக்கும் அட்ஜஸ்டரை டைட் பண்ணி அப்புறம் வீல் ஃப்ரீயா சுத்துற அளவுக்கு மட்டும் லூஸ் பண்ணுங்க. லேசா ஒரு உரசல் சத்தம் இருந்தா பரவாயில்ல. முன்னாடி ரெண்டு ஷூவுக்கும் தனித்தனி அட்ஜஸ்டர் இருக்குற வண்டியில ரெண்டையும் செய்யணும். ஹேண்ட் பிரேக் கேபிளை டைட் பண்ணி இதைச் சமாளிக்கிற பழக்கம் தப்பு, ஷூ அட்ஜஸ்ட் பண்ணிட்டு கடைசியாத்தான் கேபிளைத் தொடணும்.

டப்பாவுல ஆயில் குறையுது, ஆனா தரையில ஒரு சொட்டு கூட இல்ல. எங்க போகுது?

டிஸ்க் பேட் தேய தேய காலிப்பர் பிஸ்டன் வெளிய வரும், அதுக்குப் பின்னாடி ஆயில் போய் நிரம்பும், அதனால மாசக் கணக்குல கொஞ்சம் இறங்குறது சகஜம். வாரத்துக்கு ஒரு தடவை ஊத்த வேண்டியிருந்தா அது லீக்.

டிரம்மைக் கழட்டி வீல் சிலிண்டரோட (ஷூவைத் தள்ளி விரிக்கிற சின்ன சிலிண்டர்) ரெண்டு முனையிலயும் இருக்குற ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவர் நுனியால லேசா விலக்கிப் பாருங்க. உள்ள ட்ரையா இருக்கணும். ஆயில் வழிஞ்சா கப்பு போச்சு. ஆரம்பத்துல அந்த ஆயில் டிரம்முக்குள்ளயே லைனிங் தூசியோட கலந்து கருப்பு மை மாதிரி படிஞ்சிருக்கும், வெளிய தெரியவே தெரியாது, கொஞ்ச நாள் கழிச்சுத்தான் டயரோட உள் பக்கம் ஈரமா ஒரு கோடு இறங்கும். ஆயில் ஊறின லைனிங்கை பெட்ரோல்ல கழுவி திரும்ப மாட்டுறது வேலைக்கு ஆகாது, சூடானதும் ஊறினது வெளிய வரும். ரெண்டு பக்கமும் சேர்த்து புதுசா போடுங்க.

அங்க எதுவும் இல்லன்னா மாஸ்டர் பின் பக்கம். பூஸ்டர் (எஞ்சின் வேக்யூமை வச்சு கால் அழுத்தத்தைக் கூட்டுறது) இல்லாத வண்டியில பெடல் பக்கம் வழியும், மேட்டைத் தூக்கிப் பாத்தா தெரியும். பூஸ்டர் இருக்குற வண்டியில ஆயில் பூஸ்டருக்குள்ள போய் தேங்கிடும், சில சமயம் வேக்யூம் ஹோஸ் வழியா எஞ்சின் இழுத்து எரிச்சு சைலன்சர்ல வெள்ளைப் புகையா விடும். மாஸ்டரோட ரெண்டு நட்டைக் கழட்டி, பைப்பைக் கழட்டாம லேசா முன்னால இழுத்து பின்னாடி ஈரமான்னு தொட்டுப் பாருங்க.

டிரம் கழட்டும்போது உள்ள இருக்குற தூசியை வாயாலயோ ஏர் கன்னாலயோ ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், அது நுரையீரலுக்குப் போனா திரும்ப வராது. ஈரத்துணியில துடைச்சு அந்தத் துணியைக் கவர்ல கட்டித் தூக்கிப் போடுங்க.

எந்த பிரேக் ஆயில் ஊத்தணும்? எப்ப மாத்தணும்?

டப்பா மூடியில டாட் 3, இல்ல டாட் 4ன்னு போட்டிருக்கும். டாட் 3 போட்டிருந்தா டாட் 4 ஊத்தலாம், ரெண்டும் ஒரே வகைதான், கலந்தாலும் கெடுதல் இல்ல. டாட் 5 மட்டும் வேற, அது சிலிக்கான், மத்ததோட கலக்கவே கூடாது. ஆனா டாட் 5.1 சிலிக்கான் இல்ல, அது டாட் 4 குடும்பம்தான். நம்பரைப் பாத்துக் குழம்பிடாதீங்க.

இந்த ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, அதுல 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா கொதிநிலை 140க்கு வந்துடலாம். டாட் 4 புதுசுல 230, தண்ணி சேர்ந்தா 155. நம்ம கடலோர ஊர் ஈரக்காத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்திடுறது நல்லது. வீல் சிலிண்டரும் மாஸ்டரும் உள்ள துருப்பிடிக்கிறதும் இந்தத் தண்ணியாலதான். பாதி காலியான பழைய டின்னை அலமாரியில வச்சிருந்து எடுத்து ஊத்தாதீங்க, அது மூடி திறந்த அன்னைக்கே ஈரம் குடிக்க ஆரம்பிச்சிருக்கும்.

எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், மண்ணெண்ணெய், பெட்ரோல் இது எதுவும் ஒரு சொட்டு கூட உள்ள போகக் கூடாது. ரப்பர் எல்லாம் உப்பிடும். டப்பா மூடிக்கு அடியில இருக்குற ரப்பர் ஊதிப்போய் திரும்ப உக்கார மாட்டேங்குதுன்னா யாரோ தப்பான ஆயில் ஊத்தியிருக்காங்க. அப்படி ஆச்சுன்னா கழுவித் தப்பிக்க முடியாது, மாஸ்டர், வீல் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ்னு ரப்பர் இருக்குற எல்லாத்தையும் மாத்தணும். கிட்டு (சிலிண்டருக்கான புது ரப்பர் கப்பு செட்) மாட்டும்போது கப்புக்கு கிரீஸ் தடவுறவங்களும் இருக்காங்க, சாதா கிரீஸ் கூடாது, பிரேக் ஆயிலையே தடவுங்க.

பெடல் ரொம்ப ஹார்டா இருக்கு, எவ்வளவு அழுத்தி மிதிச்சாலும் வண்டி நிக்கல.

பூஸ்டர் இருக்குற வண்டியா? எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நாலஞ்சு தடவை மிதிங்க, அப்புறம் பெடலை மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழ இறங்குனா பூஸ்டர் வேலை செய்யுது. அசையவே இல்லன்னா வேக்யூம் ஹோஸ் வெடிச்சிருக்கா, அதுல இருக்குற ஒன்வே வால்வு போச்சான்னு பாருங்க, ரெண்டும் சரின்னா பூஸ்டர் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும். பிரேக் மிதிக்கும்போது ஐட்லிங் மாறுது, உஸ்ஸுனு சத்தம் வருதுன்னா அதுவும் டயாஃப்ரம்தான்.

பூஸ்டரே இல்லாத பழைய வண்டின்னா லைனிங் சூட்டுல பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், இல்ல வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவுல ஜாம் ஆகியிருக்கும். லைனிங் கட்டும்போது மலிவான மெட்டீரியல் போட்டாலும் இதே கதிதான்.

பிரேக் பிடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்குது.

இழுக்குற பக்கத்தையே எல்லாரும் கழட்டிப் பாப்பாங்க, பெரும்பாலும் கோளாறு எதிர்ப்பக்கம் இருக்கும். இடது பக்கம் இழுத்தா வலது முன் வீல் பிடிக்கலன்னு அர்த்தம், காலிப்பர் பிஸ்டன் ஜாம், ஆயில் ஊறின லைனிங், அடைச்ச ஹோஸ் இதுல ஒண்ணு. ஆனா முதல் வேலையா ரெண்டு டயர்லயும் காத்து பாத்துடுங்க.

காலை எடுத்தாலும் பிரேக் விட மாட்டேங்குது, வீல் கொதிக்குது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கு. பிடிச்சு நிக்கிற வீலை ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்ட் போட்டு, நிப்பிளைத் திறங்க. பீச்சிக்கிட்டு ஆயில் வந்து வீல் ஃப்ரீ ஆனா, உள்ள அழுத்தம் மாட்டிக்கிட்டிருக்கு. நிப்பிள் திறந்தும் வீல் ஃப்ரீ ஆகலன்னா அது மெக்கானிக்கல், பிஸ்டன் ஜாம், காலிப்பர் பின் ஜாம், ரிட்டர்ன் ஸ்ப்ரிங் உடைஞ்சது, ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடிச்சது இதுல தேடுங்க.

அழுத்தம்தான்னு தெரிஞ்சா நிப்பிளை மூடி, பெடலை மிதிச்சு வீலைத் திரும்ப பிடிக்க விட்டு, இப்ப ஹோஸுக்கு மேல இருக்குற பைப் நட்டை லூஸ் பண்ணுங்க. அங்க லூஸ் பண்ணியும் வீல் ஃப்ரீ ஆகலன்னா ஹோஸ்தான் வில்லன். வெளிய பாத்தா நல்லா இருக்கும், உள்ள ரப்பர் உரிஞ்சு ஒரு நாக்கு மாதிரி தொங்கிக்கிட்டிருக்கும், கால் அழுத்தத்துல ஆயில் அதைத் தள்ளிக்கிட்டு போயிடும், திரும்பி வர்ற வழியை அது அடைச்சிடும். ஒரே ஒரு வீல் மட்டும் சூடாகுதுன்னா புது காலிப்பர் வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஹோஸை சந்தேகப்படுங்க.

நாலு வீலும் பிடிச்சா மாஸ்டர். பெடல்ல கொஞ்சமாவது ஃப்ரீ பிளே (மிதிச்சதும் முதல்ல சும்மா அசையுற தூரம்) இருக்கணும், அது இல்லன்னா பிஸ்டன் முழுசா பின்னாடி வராது, டப்பாவுக்கு ஆயில் திரும்புற சின்ன ஓட்டை மூடியே இருக்கும், சூட்டுல ஆயில் விரிய விரிய பிரேக் தானா இறுகும். அந்த ஓட்டையில அழுக்கு அடைச்சாலும் இதேதான். டிரம் வண்டிக்கு முன்னாடி டிஸ்க் கன்வெர்ஷன் பண்ணவங்க இன்னொண்ணு பாக்கணும், டிரம் மாஸ்டர் பல வண்டியில கொஞ்சம் அழுத்தத்தை லைன்லயே நிறுத்தி வைக்க ஒரு வால்வு இருக்கும், அது டிஸ்க்குக்கு ஆகாது, பேட் உரசிக்கிட்டே இருக்கும்.

மலை இறங்கும்போது திடீர்னு பிரேக் இல்லாம போச்சு, கீழ வந்து அரை மணி நேரம் நிறுத்தினதும் சரியாயிடுச்சு. இனிமே ஓட்டலாமா?

ஓட்டாதீங்க. சரியானது வெப்பம் மட்டும்தான், காரணம் அப்படியே இருக்கு. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, ஊட்டியில இருந்து மசினகுடி இறங்குற கல்லட்டியில 36. இந்த ரோட்டுல பிரேக் மேலயே கால் வச்சு இறங்குனா ரெண்டு விதமா போகும். பெடல் கெட்டியாவே இருக்கு ஆனா வண்டி நிக்கலன்னா லைனிங் சூடாகி பிடிமானம் போச்சு. பெடலே தரைக்குப் போச்சுன்னா தண்ணி சேர்ந்த பழைய ஆயில் கொதிச்சு ஆவியாயிடுச்சு. ஆறினதும் ஆவி திரும்ப திரவமாயிடும், பெடல் மேல வந்துடும், மெக்கானிக் பாக்கும்போது ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் இதுல இத்தனை பேர் ஏமாறுறாங்க. ஆயிலை முழுசா மாத்துங்க, லைனிங்கைப் பாருங்க, எந்த வீலாவது ஒட்டிக்கிட்டே இருக்கான்னு பாருங்க. இறங்கும்போது ஏறுன கியர்லயே, ரொம்ப செங்குத்துன்னா அதுக்கும் கீழ் கியர்ல இறங்குங்க, நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் பண்றது குடும்பத்தோட போற வண்டியில செய்யுற வேலையே இல்ல.

கிட்டு மட்டும் மாத்தினா போதுமா, முழு சிலிண்டரும் மாத்தணுமா?

சிலிண்டர் போரை சுத்தமா துடைச்சு வெளிச்சத்துல காட்டிப் பாருங்க, விரல் நகத்தால தடவுங்க. நகம் எங்கயாவது தட்டுனா, குழி இருந்தா, கிட்டு போட்டு பிரயோஜனம் இல்ல, சில மாசத்துல திரும்ப லீக் ஆகும். வழுவழுன்னு இருந்தா கிட்டு போதும். எமரி போட்டு போரைப் பெருசாக்காதீங்க.

சென்னை பாடியில 1962ல ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா கம்பெனியோட கேர்லிங் பேர் பழைய மெக்கானிக் எல்லாருக்கும் தெரியும், அதே பேர்ல போலி டப்பாவும் மார்க்கெட்ல சுத்துது. விலை பாதியா இருந்தா யோசிங்க. சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட்ல பழைய டோர், பம்பர், கண்ணாடி வாங்குங்க, பழைய மாஸ்டரும் பழைய ஹோஸும் வாங்காதீங்க.

பைப் துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு. அந்த இடத்தை மட்டும் வெட்டி ரப்பர் டியூப் போட்டு கிளாம்ப் பண்ணலாமா?

கூடாது. அழுத்தி மிதிக்கும்போது வர்ற அழுத்தத்துக்கு கிளாம்ப் நிக்காது. வெறும் காப்பர் ஃப்ரிட்ஜ் பைப்பும் கூடாது, அதிர்வுல விரிசல் விடும். பிரேக்குக்குன்னே வர்ற ஸ்டீல் பைப், இல்ல காப்பர் நிக்கல் பைப், முனையை டபுள் ஃபிளேர் அடிச்சு (ரெண்டா மடிச்சு விரிச்சு) மாட்டணும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோரம் இருக்கவங்க பின் ஆக்சில் மேல போற பைப்பையும், கிளிப் பிடிக்கிற இடத்தையும் வருஷத்துக்கு ஒரு தடவை துடைச்சுப் பாருங்க, துரு அந்த கிளிப்புக்கு அடியிலதான் ஆரம்பிக்கும்.

ஓடிக்கிட்டிருக்கும்போது பெடல் தரைக்குப் போயிட்டா?

வேகமா பம்ப் பண்ணுங்க, பல தடவை கொஞ்சம் பிடிக்கும். அதே நேரத்துல ஒவ்வொரு கியரா குறைங்க. ஹேண்ட் பிரேக்கை ரிலீஸ் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, ஒரேயடியா இழுத்தா பின் வீல் லாக் ஆகி வண்டி சுத்திடும். சாவியை மட்டும் எடுக்காதீங்க, ஸ்டீயரிங் லாக் ஆகும். ஹார்ன், ஹசார்டு ரெண்டும் போடுங்க. நின்ன பிறகு அங்கிருந்து மெதுவா ஓட்டி வந்துடலாம்னு நினைக்காம டோ பண்ணி எடுத்துட்டு வாங்க.

வேலை முடிஞ்சுது. ரோட்டுல எடுக்குறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

எஞ்சின் ஓடும்போது பெடலை பலமா மிதிச்சு ஒரு நிமிஷம் பிடிங்க, இறங்கக் கூடாது. அப்படியே இன்னொருத்தர் டார்ச் அடிச்சு கழட்டி மாட்டின ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாக்கட்டும். புது பேட் போட்டிருந்தா வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடியே பெடல் மேல வர்ற வரைக்கும் பம்ப் பண்ணிடுங்க, இல்லன்னா முதல் மிதி தரைக்குப் போய் எதிர்ச் சுவத்துல இடிச்சுடுவீங்க. ஆளில்லாத ரோட்டுல 20 வேகத்துல பிடிச்சுப் பாத்துட்டு அப்புறம் 40க்குப் போங்க. திரும்பி வந்ததும் நாலு வீல் பக்கத்துலயும் கையைக் கொண்டு போங்க, முன்னாடி ரெண்டும் ஏறக்குறைய ஒரே சூடு, பின்னாடி ரெண்டும் ஒரே சூடு இருக்கணும், ஒண்ணு மட்டும் தனியா கொதிச்சா அந்த வீலைத் திரும்பக் கழட்டுங்க. ஆயில் எங்கயாவது பெயிண்ட்ல பட்டிருந்தா துடைக்காம உடனே தண்ணி ஊத்திக் கழுவிடுங்க, விட்டா பெயிண்டை உரிச்சிடும்.